புதிய கொட்டாப்புளியைப் பழக்குவதும் பராமரிப்பதும்

ஊர் திரும்பியதும் பல வீடுகளில் முதலில் வரும் தச்சுவேலை, கதவு யன்னல் நிலைகளைச் சரிசெய்வது. அதற்கு உளியும் கொட்டாப்புளியும் வேண்டும். கொட்டாப்புளி என்பது உளியை அடிக்கும் மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் மரப்பிடி பிளந்துவிடும்.

தலை ஏன் தளர்கிறது?

மரம் ஈரக்காற்றில் உப்பும், வறட்சியில் சுருங்கும். மாத்தளை மாவட்டத்தில் இரண்டும் உண்டு. இரத்தோட்டை போன்ற மலைப்பக்கங்கள் ஈரமானவை. தம்புள்ளை, கலேவெல பக்கம் வறட்சியானது. மலைப்பக்கத்தில் இறுக்கமாக இருந்த தலை, தம்புள்ளையில் சில கிழமைகளில் தளரலாம். அடிக்கும்போது அது கழன்று பறந்தால், பக்கத்தில் நிற்பவருக்குக் காயம் ஏற்படும்.

பாவிக்கும் முன்

1. புதிய கொட்டாப்புளியை வீட்டினுள் நிழலில் இரண்டு கிழமை வையுங்கள். வெயிலில் காயவிட்டால் வெடிக்கும்.

2. தலையின் கூர் விளிம்புகளை அரத்தால் சற்று மழுக்குங்கள். இல்லாவிட்டால் அடிபடும்போது சிம்பு தெறிக்கும்.

3. ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகப் பூசுங்கள். அடிக்கும் இரு முகங்களுமே ஈரத்தை அதிகம் உறிஞ்சும். அங்கே நன்றாகப் பூசுங்கள். கால் மணிநேரத்தில் மிகுதியைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மீண்டும் பூசுங்கள். பிடிக்கு வார்னிஷ் பூச வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

எச்சரிக்கை: இந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் மிகக் கவனமாக இருங்கள். துணியை வெளியே விரித்துக் காயவிட்ட பின்னரே வீசுங்கள்.

ஒவ்வொரு முறையும்

வேலை தொடங்குமுன் தலையைக் கையால் அசைத்துப் பாருங்கள். பிடியின் மேல்முனை அகன்ற வகையாயின், அந்த முனையைத் தட்டினால் தலை இறுகும். ஆப்பு வைத்த வகையாயின் ஆப்பைத் தட்டி இறுக்குங்கள். இறுகாவிட்டால் புதிய ஆப்பு வையுங்கள்.

தண்ணீரில் ஊறவைத்து இறுக்க வேண்டாம். ஊறும்போது இறுகினாலும், காய்ந்தபின் முன்னரைவிடத் தளரும்.

ஆணி அடிக்க இதைப் பாவிக்காதீர்கள், முகம் குழிவிழும்.

வைக்கும் இடம்

மண் தரையில் போட்டால் ஈரமும் கறையானும் பிடிக்கும். அடுப்புக்கு மேலே வைத்தால் காய்ந்து வெடிக்கும். சுவரில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை எண்ணெய் பூசினால் போதும்.

தலை பிளந்துவிட்டால் ஆணி அடித்துப் பொருத்தாதீர்கள். பிடி நன்றாக இருந்தால், புளி போன்ற வைரமான மரத்தில் தலையை மட்டும் புதிதாகச் செய்து மாட்டலாம்.