பழைய ஜீப் என்ஜினை வெளித்தோற்றத்தால் இனங்காணல்

காபிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் இட்டுத் தோலுரித்தல் வேண்டும். தாமதித்தால் பழம் புளித்துக் கொட்டையின் தரம் கெடும். கீழ்ப்பழனி மலை விவசாயிகள் இதனை நன்கறிவர். தாண்டிக்குடிப் பகுதியின் சரிவான தோட்டப் பாதைகளில் பழ மூட்டைகளையும் மலைவாழைத் தார்களையும் இறக்கிவரப் பழைய ஜீப்புகள் இன்றும் உதவுகின்றன. பறிப்புக் காலத்தில் ஜீப் நின்றுவிட்டால் அன்றைய பறிப்பே வீணாகலாம்.

அந்த அவசரத்தில் வத்தலக்குண்டுக்குச் சென்று, "வில்லிஸ் ஜீப்புக்கு ஹெட் கேஸ்கெட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால், அது பொருந்தாமல் போக வாய்ப்புண்டு. ஏனெனில் வில்லிஸ் என்ற ஒரே பெயரில் இருவகைப் பெட்ரோல் என்ஜின்கள் உள்ளன. தங்கள் ஜீப்பில் இருப்பது எது என்பதை என்ஜினைப் பிரிக்காமலேயே தாங்கள் அறியலாம்.

இருவகை என்ஜின்கள்

முதல் வகை, இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் இராணுவ ஜீப்புகளில் வந்த 'எல்' தலை என்ஜின். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளிலும் இவ்வகையே இருந்தது. இரண்டாம் வகை, அமெரிக்காவில் 1953-இல் சி.ஜே.3பி ஜீப்புடன் வந்த 'எஃப்' தலை என்ஜின். அந்த ஜீப் பின்னர் நம் நாட்டிலும் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டது.

இரண்டிற்கும் நான்கு சிலிண்டர்களே. சிலிண்டர் விட்டம் 79.4 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 111.1 மி.மீ., கொள்ளளவு சுமார் 2,200 க.செ.மீ. என்பவையும் ஒன்றே. பிளக்குகள் எரியும் வரிசையும் 1-3-4-2 தான். ஆகவே என்ஜினின் அடிப்பகுதியைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. தலைப்பகுதியைப் பார்த்தல் வேண்டும்.

'எல்' தலையின் அடையாளங்கள்

இதில் எல்லா வால்வுகளும் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கினுள் உள்ளன. எனவே தலை தட்டையாக, ஒரு கனத்த இரும்புப் பலகை போல் இருக்கும். பிளக்குகள் அதன் மேல் செங்குத்தாக நிற்கும். கார்புரேட்டர் பக்கவாட்டு மேனிஃபோல்டில் அமைந்திருக்கும். டாப்பெட் கவர் தலையின் மேல் இராது. பிளாக்கின் பக்கத்தில், மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும்.

'எஃப்' தலையின் அடையாளங்கள்

இதில் புகை வெளியேறும் வால்வுகள் மட்டும் பிளாக்கில் உள்ளன. பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வுகள் தலைக்கு மேலேறிவிட்டன. எனவே தலையின் மேல் நீண்ட கவர் ஒன்று தெரியும். பிளக்குகள் அதன் பக்கமாக ஒதுங்கியிருக்கும். கார்புரேட்டர் தலையின் மேலேயே அமர்ந்திருக்கும். பக்கத்தில் புகைக்கான மேனிஃபோல்டு மட்டுமே காணப்படும்.

டீசல் என்ஜினாக இருந்தால்?

பல ஜீப்புகளில் பிற்காலத்தில் டீசல் என்ஜின் மாற்றிப் பொருத்தியுள்ளனர். பிளக், டிஸ்டிரிபியூட்டர், கார்புரேட்டர் ஆகியவை இன்றி, ஒரு பம்பிலிருந்து நான்கு மெல்லிய இரும்புக் குழாய்கள் தலைக்குச் சென்றால் அது டீசல் என்ஜினே. மகிந்திரா ஜீப்புகளில் இண்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த என்ஜினும், 1980-களில் பியூஷோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜினும் வந்தன. 4.90 என்பது நான்கு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம் என்பதைக் குறிக்கும்.

ஏமாற வேண்டாம்

பானெட்டின் உயரத்தை மட்டும் நம்புதல் கூடாது. 'எஃப்' தலை உயரமானது, அதற்காகவே சி.ஜே.3பி-யின் பானெட் உயர்த்தப்பட்டது. எனினும் உயர்ந்த பானெட்டுக்குள் பழைய 'எல்' தலை என்ஜினைப் பொருத்தியிருக்கவும் கூடும். வர்ணமும் சான்றாகாது; அது பலமுறை மாறியிருக்கும்.

செய்ய வேண்டியவை

1. என்ஜின் நன்கு ஆறிய பின்னரே பானெட்டைத் திறக்கவும். பேட்டரி இணைப்பைக் கழற்றவும்.

2. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மேற்கூறிய அடையாளங்களைப் பார்க்கவும்.

3. வில்லிஸ் என்ஜின்களில் பிளாக்கின் முன்புறம், வாட்டர் பம்ப் பொருந்தும் இடத்தையொட்டிய மேட்டில் என்ஜின் எண் பொறித்திருக்கும். எண் மங்கியிருந்தால் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படிக்கவும்.

4. அந்த எண்ணைப் பதிவுச் சான்றுடன் ஒப்பிடவும். பழைய ஜீப் வாங்குவோர் முன்பணம் தருமுன் இதனைச் செய்தல் வேண்டும். என்ஜின் மாற்றியது சான்றில் பதிவாகாவிடில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் விபத்துக் காப்பீட்டிலும் தொல்லை நேரும்.

5. மெக்கானிக்கிடம் என்ஜின் வகையைத் தெளிவாகக் கூறவும். குளிர்ந்த நிலையில் 'எல்' தலையின் எல்லா வால்வுகளுக்கும் இடைவெளி 0.016 அங்குலம். 'எஃப்' தலையில் மேல் வால்வுகளுக்கு 0.018, பக்க வால்வுகளுக்கு 0.016 அங்குலம். இடைவெளி போதாவிடில் வால்வு சரியாக மூடாமல் கருகும். மேட்டில் இழுவை குறையும்.

விதை வாங்கும்போது இரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குகிறோம். உதிரிப் பாகம் வாங்கும்போதும் அவ்வாறே என்ஜினின் வகையைச் சொல்லி வாங்குதல் வேண்டும். பறிப்புக்கு ஒரு மாதம் முன்னதாகவே என்ஜின் வகை, எண் இரண்டையும் தோட்டக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்து வைத்தால், அவசர நேரத்தில் மலையிறங்கும் வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம்.