டாங்கியின் பாதம்

புனேயிலிருந்து அகமத்நகர் சுமார் 120 கிலோமீட்டர். 2024-இல் ஊரின் பெயர் அகில்யாநகர் என்று மாறியது. எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. ஷீரடி போகும் நம்மவர்கள் பலரும் இவ்வழியே செல்கிறார்கள். ஆனால் அங்குள்ள டாங்கி அருங்காட்சியகத்தில் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. தரைப்படையின் கவசப்படைப் பயிற்சி மையம் 1994-இல் அமைத்தது. ரோல்ஸ்ராய்ஸ் கவசக் கார், சர்ச்சில், மடில்டா, ஜப்பானிய டாங்கி என்று பல நாட்டு வண்டிகள் திறந்தவெளியில் நிற்கின்றன. நம் ஆவடியில் 1965 முதல் தயாரான விஜயந்தாவும் உண்டு.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரனுடன் போயிருந்தேன். வரும் வழியில் அவன், "தாத்தா, ரயில்வேல நீங்க இன்ஜின் ஓட்டலையாமே, ஜல்லிதான் போட்டீங்களாமே?" என்று கேட்டிருந்தான். இருப்புப்பாதைப் பிரிவில் 36 வருடம் பணி செய்தவனுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை.

பாகிஸ்தானிடமிருந்து கைப்பற்றிய பேட்டன் முன்னால் நின்று, "இவ்வளவு பெரிசா இருக்கே, எப்படித் தோத்துது?" என்றான். நான் அவனைக் குனியச் சொன்னேன். டாங்கியைக் கீழிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் கட்டைவிரல் நகத்தளவுதான். அதன் வழியே ஏறத்தாழ 10 டன் இறங்குகிறது. அதை அப்படியே மண்ணில் விட்டால் புதைந்துவிடும். தண்டவாளம் அந்தக் கனத்தைப் பல ஸ்லீப்பர்களுக்குப் பகிர்கிறது, ஸ்லீப்பர் ஜல்லிக்கு, ஜல்லி இன்னும் பரப்பி மண்ணுக்கு. டாங்கிக்கு யார் பாதை போட்டு வைப்பார்கள்? அது தன் பாதையைத் தானே விரித்து, தானே சுருட்டிக்கொண்டு போகிறது. சக்கரங்களைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டைதான் அந்தப் பாதை.

பேட்டன்களில் எம்-48 வகையை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 45 டன். பட்டையின் அகலம் 71 சென்டிமீட்டர், தரையில் படியும் நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். இரண்டு பட்டைக்கும் 56,800 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 800 கிராம்தான் வருகிறது! நடக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கும் 70 கிலோ மனிதன் சுமார் 400 கிராம் அழுத்துகிறான். அவனைப்போல் இரண்டு மடங்கு, அவ்வளவே.

ஆனால் நாற்று நடத் தயாரான வயலில் அந்த மனிதனுக்கே முழங்கால்வரை இறங்குகிறது. தண்ணீர் புகுந்த மண்ணுக்குத் தாங்கும் சக்தி போய்விடும். மழைக்காலத்தில் ஒருமுறை, என் பொறுப்பிலிருந்த கரை ஒன்றில் காலையில் சரியாக இருந்த தடம் மாலைக்குள் நாலு அங்குலம் இறங்கியது. வடிகால் அடைத்திருந்ததை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். கேங்மேன் ஒருவர் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டினார், வண்டி நின்றது. அதற்குப் பிறகு நான் வடிகாலைப் பார்க்காமல் தடத்தைப் பார்த்ததில்லை.

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் கேம்கரன் அருகே அசல் உத்தர் என்ற கிராமத்தில் நடந்ததும் இதுதான். (அசல், உத்தரம் இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்களே: உண்மையான பதில்!) நம் படையினர் வாய்க்காலை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். லாட வடிவில் அணிவகுத்துக் கரும்புக் காட்டில் காத்திருந்தார்கள். டாங்கியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி ஒன்றரை அடிக்குள்தான். பட்டை அந்த அளவு இறங்கினால் வயிறு சேற்றில் படிந்துவிடும். கனம் முழுவதும் வயிற்றில். பட்டை சுழலும், வண்டி நகராது.

பேரன் விடவில்லை. "நம்ம டாங்கியும் புதையாதா?" நல்ல கேள்வி. நம்மிடம் இருந்த செஞ்சூரியன் பேட்டனைவிடக் கனம். சேறு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் நாம் நின்ற இடத்தில் நிற்கலாம். முன்னேறி வந்தவர்கள்தான் நகர்ந்தாக வேண்டும். சேறு மட்டும் ஜெயிக்கவும் இல்லை. நின்றுபோன டாங்கியை அடிக்க ஆள் வேண்டும். ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் பேட்டன்களை வீழ்த்திய அப்துல் ஹமீது செப்டம்பர் 10-இல் அங்கேயே உயிர்விட்டார். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்றார். மூன்று நாளில் பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது என்பது நம் தரப்புக் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் பேரன் கிராஃப் தாளில் காலை வைத்துக் கோடு போட்டான். கட்டம் எண்ணினோம்: 115 சதுர சென்டிமீட்டர். எடை 31 கிலோ. ஒற்றைக்காலில் 270 கிராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க ஜல்லிக்கு எவ்வளவு வரும் தாத்தா?" என்றான்.

இன்னொரு தாள் எடுத்தோம்.