லாரிக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ்: துவாஸ் தம்பிகளுக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, தேக்காவில் விடியுமுன் ஏற்றுகிற தயிரும் மோரும் துவாஸ் சவுத்தில் வேலை செய்கிற பையன்கள் கைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிடுகிறது. தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஏ.ஒய்.இ. விரைவுச்சாலை நெரிசலும், சைட்டுக்கு சைட்டு வாசலில் பாஸ் காட்டி நிற்பதும்தான் நேரத்தை விழுங்குகின்றன. அதுவரை பிக்அப்பின் இரும்புத் தரை வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். காலையிலிருந்து கம்பி கட்டியவனுக்குப் புளித்துப்போன தயிரைக் கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால்தான் பின்னால் ஃப்ரிட்ஜ் வைக்கச் சொல்கிறேன். அதை ஒழுங்காக வைக்க வேண்டும்.

வாங்கும்போது கம்ப்ரசர் உள்ளதையே வாங்கு. மலிவாகக் கிடைக்கும் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி வெளிச்சூட்டிலிருந்து 20 டிகிரி அளவுக்குத்தான் இறக்கும். தார்ப்பாய்க்குள் 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 20. சமைத்த உணவுக்கு 5 முதல் 60 டிகிரி வரை ஆபத்தான சூடு என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் கணக்கு. 20 டிகிரி அதற்கு நடுவில்தான் வருகிறது.

வைக்கிற இடம் கேபின் சுவரை ஒட்டி இருக்கட்டும். 45 லிட்டர் பெட்டியில் சரக்கு நிரப்பினால் 50 கிலோ வந்துவிடும். திடீரென்று பிரேக் அடித்தால் ஏறக்குறைய அதே பாரம் முன்னால் தள்ளும். முன்னால் சுவர் இருந்தால் அது தாங்கும். அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் தரைச் சூடும் அதிர்வும் குறையும். கட்டுவதற்கு ராட்செட் பெல்ட் இரண்டு வேண்டும். வண்டியின் தரையில் இருக்கிற கொக்கிகளில் மாட்டி, பெட்டிக்கான இரும்புப் பிடிப்புகள் வழியாக இழு. கைப்பிடியில் கட்டாதே, அது தூக்குவதற்கு மட்டும்தான். காற்றுத் துவாரம் உள்ள பக்கம் ஒரு சாண் இடைவெளி விடு. அங்கே கோணிப்பையைத் திணித்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்.

கொக்கி இல்லாமல் தரையைத் துளைப்பதென்றால் முதலில் அடியில் படுத்துப் பார். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் அங்கேதான் போகின்றன. கடல் காற்றுக்குச் சாதாரண போல்ட் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் போடு, அகலமான வாஷரோடு. வண்டி கம்பெனியுடையது என்றால் முதலாளியிடம் கேட்காமல் ஒரு துளைகூடப் போடாதே.

பலர் கோட்டை விடுவது ஒயரில். பாட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 ஆம்பியர் போனால் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். பாட்டரி நன்றாக இருந்தும், வோல்டேஜ் குறைந்துவிட்டதென்று நினைத்து ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இறக்கம் கால் வோல்ட்கூட வராது. பாட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள், 15 ஆம்பியர் ஃபியூஸ் போடு. ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டாம். குலுக்கலில் பிளக் கழன்றுவிடும். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து, ஃப்ரிட்ஜ் அதை ஏற்குமா என்றும் பார்.

நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுக் குளிர்விக்கலாம் என்று எண்ணாதே. சிங்கப்பூரில் அது குற்றம், அபராதம் வரும். ஸ்டார்ட் பாட்டரியிலேயே விட்டாலோ சாயங்காலம் வண்டி கிளம்பாது. 45 வாட் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினாலும் 10 மணி நேரத்துக்கு 225 வாட்-மணி தேவை. தனியாக 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஒன்று வைத்தால் அதில் 640 வாட்-மணி இருக்கும், கவலையில்லாமல் தாங்கும். ஓடும்போது அதை ஏற்ற டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். பணம் அதிகம்தான், ஆனால் விலையுயர்ந்த ஃப்ரிட்ஜுக்குப் போடுவதை இதற்குப் போடு.

சுமத்ரா காற்றுமழை மேற்கிலிருந்து வருவதால் துவாஸை முதலில் தாக்கும். மழையும் வெயிலும் படாதபடி தார்ப்பாய் கட்டு. காற்று போக மட்டும் வழி விடு. ஆட்களை ஏற்றும் வண்டியானால் அவர்கள் உட்காரும் இடத்தில் பெட்டியை வைக்காதே.

சூடான சாம்பாரை இதற்குள் வைத்து ஆறவைக்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் தயிரும் சேர்ந்து சூடாகும். முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் பெட்டியைக் குளிரவைத்து, குளிர்ந்த பொருளை மட்டும் அடுக்கு. சோறும் குழம்பும் தனியே சூட்டுப் பெட்டியில் போகட்டும். சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

பெட்டியின் டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாமல் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை மேல் அடுக்கில் வை. ஒவ்வொரு சைட்டிலும் திறக்கும்போது பார்த்து எழுதிக்கொள். எப்போது 5 டிகிரியைத் தாண்டியது என்று தெரியவில்லையென்றால், அந்தத் தயிரைப் பையன்களுக்குக் கொடுக்காதே. அங்கேயே முதலாளிக்கு போன் போட்டுச் சொல்.