பாழூர்களும் அவற்றின் சுவடுகளும்

நாவலப்பிட்டியிலிருந்து கொத்மலைப் பக்கம் சென்ற பழைய மாணவர் சிலர், கடும் வறட்சியில் நீர்த்தேக்கத்தினுள் கடதொர விகாரையின் இடிபாடு தலைகாட்டுவதைக் கண்டிருப்பர். 1985 இல் திறக்கப்பெற்ற அந்நீர்த்தேக்கத்துள் மூழ்கிய ஊர்களின் பெயரைச் சொல்ல இன்றும் ஆள் உண்டு. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளின் முன் பாழ்பட்ட ஊர்களுக்கோ அவ்வாறு சொல்வார் எவருமிலர். அவற்றை அறிவது எங்ஙனம்?

வன்னிக் காட்டிற் புகுவோர் உடைந்த குளக்கட்டுகளைக் காண்பர். மரமடர்ந்து நீண்டு கிடக்கும் மண்மேடு ஓரிடத்தில் அறுந்திருக்கும். அதுவே பழைய உடைப்பு. அயலிலுள்ள மேட்டு நிலத்தைக் குனிந்து நோக்கின் ஓட்டாஞ்சில்லும் இரும்புக் கசடும் தேய்ந்த அரைகல்லும் கிடைக்கலாம். வீட்டைத் தேடுவது வீண். மண்சுவரும் ஓலைக்கூரையும் சில மாரிகளில் மீண்டும் மண்ணாகிவிடும். செங்கல்லாலும் கருங்கல்லாலும் எழுந்தவையே எஞ்சும். பதவியாவிற் சோழர் காலச் சிவாலய இடிபாடும் தமிழ்ச் சாசனமும் உள. அக்கோயிலுக்கு நெல்லளந்த உழவரின் குடிசை ஒன்றேனும் நின்றிலது. (இறைவனுக்குக் கல், குடிக்கு மண் என்பது அக்கால வழக்குப் போலும்!)

இங்கிலாந்திலும் இதே காட்சிதான். யோர்க்சயரிலுள்ள வாரம் பேர்சி என்னும் ஊர், 1500 ஆம் ஆண்டளவில் ஆட்டு மேய்ச்சலுக்காக வெறுமையாக்கப்பட்டது. கூரையிழந்த தேவாலயம் நிற்கிறது. வீடுகள் புல் மூடிய வரம்புகளாய்க் கிடக்கின்றன. மொரிஸ் பெரஸ்போர்ட், ஜோன் ஹர்ஸ்ட் முதலியோர் முயற்சியால் 1990 வரை ஏறத்தாழ நாற்பது கோடைகள் அங்கு அகழ்வு நடந்தது.

நம் நாட்டிற் காரணம் கேட்டால், 1215 இல் வந்த கலிங்க மாகனின் படையைக் காட்டி முடிப்பார் பலர். சூளவமிசமும் அவன்மீதே பழி சுமத்துகிறது. ஆயினும், படையொன்று வந்ததனால் மட்டும் இத்தனை குளமும் தூர்ந்துவிடுமா? 1957 இல் இவ்வினாவை ஆராய்ந்த ரோட்ஸ் மர்பி, மலேரியா, மண்வளம், நீர்ப்பணி நிருவாகத்தின் சிதைவு ஆகியவற்றையும் சீர்தூக்கினார். இறுதியிற் கூறியதே எமக்கு வலிதாகத் தோன்றுகிறது. சிறுகுளத்தின் கட்டை ஊரவரே திருத்துவர். பெருங்குளத்தின் துருசையும் நெடுங்கால்வாயையும் பேண அரசு வேண்டும். அரசோ தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் எனப் பெயர்ந்து 14 ஆம் நூற்றாண்டில் நம் அயலூராகிய கம்பளைக்கே வந்துவிட்டது. குடிகள் ஓரிரவில் ஓடினர் என்பதினும், விளைவு பொய்த்த ஆண்டுதோறும் சில குடும்பங்களாய்ப் பெயர்ந்தனர் என்பதே பொருந்தும்.

இன்று புதையல் தேடுவோர் கோயிலடியையும் விகாரையடியையும் தோண்டுகின்றனர். உழவு இயந்திரம் ஓட்டாஞ்சில்லு கிடந்த அடுக்கைப் புரட்டுகிறது. விடுமுறையில் வடக்கே செல்லும் மாணவர் அத்தகைய சில்லொன்றைக் கண்டாற் பையிலிடாது, கிடந்த இடத்தைக் குறித்துத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு எழுதுவாராக. இடமறியாத சில்லைக்கொண்டு ஆய்வாளர் செய்யக்கூடியது மிகச் சிறிதே.