ஆகுபெயரும் ஆங்கில அணிகளும்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் நண்பர்களுடைய குறிப்பேடுகளில் அணிகளின் பெயர்கள் இரு வரிசையாக எழுதப்பட்டிருத்தலை யாம் கண்டிருக்கின்றோம். ஒருபுறம் சிமிலி, மெட்டபர், மெட்டானிமி, சினெக்டொகி. மறுபுறம் உவமை, உருவகம், ஆகுபெயர், மீண்டும் ஆகுபெயர். முதலிரண்டிலும் இடர்ப்பாடு பெரிதன்று. மதிபோலும் முகம் என்பது உவமை, முகமதி என்பது உருவகம் என்று தண்டியலங்காரம் பயின்றார் எளிதின் உணர்வர். பின்னிரண்டற்கும் ஒரே பெயரை எழுதி அமைந்துவிடுதல் தகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

மெட்டானிமி என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பெயர்மாற்றம் என்பது பொருள். ஒன்றன் பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றற்கு ஆகிவருவது ஆகுபெயர். இரு பெயரும் ஒரே கருத்திற் பிறந்தன போலும்! ஷேக்ஸ்பியரைப் படித்தான் என்னும் ஆங்கில வழக்கும், திருவள்ளுவரைப் படித்தான் என்னும் நம் வழக்கும் ஒரு நிகரன. இதனைக் கருத்தாவாகுபெயர் என்பர். சினெக்டொகி என்பதற்கோ உடன்கொள்ளுதல் என்பது பொருள். உறுப்பைக் கூறி முழுமையைக் கொள்வதும், முழுமையைக் கூறி உறுப்பைக் கொள்வதும் அதன்பாற்படும். மாலுமிகளைக் கைகள் என்று எண்ணுவர் ஆங்கிலர். தலைக்கு ஒரு பழம் என்று பகுப்போம் நாம்.

ஆங்கிலர் இவற்றை அணியென்று கொள்ள, நம் முன்னோரோ தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியலிலும், நன்னூலிற் பெயரியலிலும் வைத்தனர். தண்டியாசிரியர் கூறும் பொருளணி 35-இல் ஆகுபெயருக்கு இடமில்லை. பழைய முறையாக வழங்கிவருவனவற்றையே ஆகுபெயர் என்று பவணந்தியார் வரையறுத்தமை நோக்கத்தக்கது. வெற்றிலை நட்டேன் என்னும் உழவன் அணிசெய்யக் கருதினானல்லன். ஊர் வழக்கையே கூறினான்.

நிற்க. இரண்டனையும் ஒரு பெயருள் அடக்குவதால் வரும் கேடு யாதெனின், திருச்சபைச் சரித்திரத்தினின்றும் ஒன்று காட்டுவோம். 1529-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஹெஸ்ஸ நாட்டுப் பிரபுவாகிய பிலிப்பின் அழைப்பிற்கிணங்க, ஜெர்மனி தேசத்து மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிங்கிளியும் பிறரும் கூடினர். சீர்திருத்தத் திருச்சபையார் ஒன்றுபட வேண்டுமென்பது பிரபுவின் விருப்பம். பிரமாணங்கள் 15-இல் 14-ஐ இருதிறத்தாரும் ஒப்பினர். இராப்போஜனத்தைப் பற்றிய எஞ்சிய ஒன்றன் ஒரு பகுதியிலே பிரிந்தனர்.

அப்பத்தைக் கொடுக்குங்கால் ஆண்டவர் அதனைத் தம் சரீரமென்று அருளினாரன்றோ? அவ்வாக்கியத்தில் 'எஸ்ட்' என்னும் இலத்தீன் வினைக்குக் 'குறிக்கின்றது' என்பதே பொருள் என்றார் சுவிங்கிளி. வினை இயல்பாகவே நிற்கின்றது, சரீரம் என்னும் பெயரே சரீரத்தின் அடையாளத்திற்கு ஆயிற்று என்றார் அவர் துணைவராகிய எகோலம்பாதியு. இது மெட்டானிமி. லூத்தர் இரண்டனையும் மறுத்து, அவ்வாக்கியத்தைச் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதிவைத்துக்கொண்டு வாதித்தார். ஆயினும், அவரும் சொல்லணியை முற்றும் விலக்கினாரல்லர். பணப்பையைக் காட்டி, இது நூறு பொன் என்பவன் பையையும் பொன்னையும் ஒருங்கே சுட்டுகின்றான் என்று 1528-இல் வெளியிட்ட நூலில் எழுதி, அதனைச் சினெக்டொகி என்றார்.

இங்கே ஒரு பெயரின் வேற்றுமை எத்துணைப் பெரிது! எகோலம்பாதியு கூறியபடியாயின், அடையாளம் ஈண்டிருக்க, பொருள் வேறிடத்திருக்கலாம். லூத்தர் கூறியபடியாயின், பொன் பைக்குள் இருந்தே தீரவேண்டும். இருவர் கூற்றையும் ஆகுபெயர் என்று மட்டும் மொழிபெயர்த்தால், அவர்கள் எதன்பொருட்டுப் பிரிந்தார்கள் என்பதே விளங்காது போம். ஆனால் நன்னூலின் உட்பிரிவுகளை நாடினால் வழியுண்டு. லூத்தருடைய பணப்பைக்குத் தானியாகுபெயர் மிகப் பொருந்தும். பாலை இறக்கு என்றவழி, இறக்கப்படுவது கலம்; பால் அதனுள்ளே இருக்கின்றது.

எவர் கொள்கை மெய் என்பதைக் குருமார் ஆராய்க. தமிழ் மாணாக்கராகிய யாம் கூறத்தக்கது ஒன்று உண்டு. இவன் சாத்தன் என்பதுபோல வினையின்றியே பெயர் பயனிலையாதல் தமிழின் இயல்பு. ஆண்டவர் பேசிய அரமேய மொழிக்கும் அவ்வியல்பு உண்டு. வினையே இல்லாத வாக்கியத்தில் சுவிங்கிளியின் வாதம் நிற்க இடம் ஏது? பெயரைப் பற்றிய எகோலம்பாதியுவின் வாதத்திற்கோ இடம் உண்டு.

இன்னும் ஒன்று. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தின்படி குடிக்கப்படுவது பாத்திரமே. ஆங்கில வேதாகமமும் அவ்வாறே கூறும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளரோ ஏழாம் வேற்றுமை உருபு கொடுத்து, பாத்திரத்தில் பானம்பண்ணுவதாக அமைத்தனர். பாத்திரத்தைக் குடித்தல் தமிழ்ச் செவிக்கு இசையாதென்று அஞ்சினர் போலும். இரண்டு குவளை குடித்தான் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குவதாகலின், அவ்வச்சம் வேண்டுவதன்று என்பது எம் கருத்து.