உத்தியோகமும் மர்ம நாவலும்

கேள்வி: அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கும் நான், கிறிஸ்தவ விசுவாசத்தை ஆதாரமாகக் கொண்ட மர்ம நாவல் எழுத விரும்புகிறேன். இது சாத்தியமா?

பதில்: ஐயமின்றிச் சாத்தியமே. 1908ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் லண்டன் காரியாலயத்தில் அச்சுப்பிழை திருத்தும் பணியில் சேர்ந்து, 1945இல் மரணமடையும் வரையில் அந்த ஸ்தாபனத்திலேயே ஊழியம் புரிந்த சார்லஸ் வில்லியம்ஸ் என்பவர், மாலை வேளைகளில் இலக்கிய வகுப்புகளும் நடத்தி, எஞ்சிய பொழுதிலே ஏழு நாவல்களை எழுதினார். 1930இல் வெளியான அவருடைய 'வார் இன் ஹெவன்', ஒரு பதிப்பகத்து மேஜையின் அடியிலே கிடக்கும் பிரேதத்தோடு ஆரம்பமாகிறது. தாம் நாள்தோறும் புழங்கிய உலகத்தையே அவர் கதைக்களமாக்கிக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

இயேசுநாதர் கடைசி இராப்போஜனத்தில் உபயோகித்த பாத்திரம் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் இருப்பதாகவும், அதைத் துர்மந்திரத்துக்காகக் கவர முயல்வோர்க்கும் அவ்வாலயத்துக் குருவானவர்க்கும் போராட்டம் நிகழ்வதாகவும் செல்லும் அக்கதையில், கொலையாளி யாரென்பது வெகு சீக்கிரமே வெளிப்பட்டுவிட, அதன் பிறகும் நம்மைப் பக்கம் புரட்டச் செய்வது, இந்த ஆத்துமாக்களின் கதி யாதாகுமோ என்ற தவிப்பே. இவ்வகை நாவலின் ஜீவநாடி அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். கதாபாத்திரங்களின் வாயிலே பிரசங்கத்தைத் திணித்தால் மர்மமும் மாய்ந்துபோகும், விசுவாசமும் வெளிறிப்போகும். பாவத்தின் கவர்ச்சியையும் மெய்யாகவே சித்திரிக்க அஞ்சாதீர்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாள்தோறும் ஒரே வேளையில் சிறிதளவு எழுதினால் போதும். நீண்ட விடுமுறைக்காகக் காத்திராமல் இன்று மாலையே தொடங்குங்கள்.