உளுந்தில் மஞ்சள் தேமலும் கூடிவரும் வெப்பமும்

பண்பொழி, தென்காசி வட்டார உழவர்கள் சாரலை நம்பிப் பயிர் செய்பவர்கள். சாரல் பொய்த்து வெயில் நீடித்தால், உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் மிகும். இது நச்சுயிரியால் வருவது. மருந்து தெளித்துக் குணமாக்க இயலாது. நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சிய வெள்ளை ஈ, நல்ல செடிகளுக்கு அதனைப் பரப்புகிறது.

1850–1900 காலத்தைவிட 2011–2020இல் உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. வெப்பம் கூடினால் வெள்ளை ஈ விரைந்து பெருகும். 20 டிகிரியில் முட்டை ஈயாக மாற ஒரு மாதத்திற்கு மேலாகும். 30 டிகிரியில் 3 வாரத்திற்குள் முடிந்துவிடும். பலத்த மழை ஈக்களை அடித்து வீழ்த்தும். வறண்ட நாட்களில் அந்தத் தடையும் இல்லை.

இளம்பயிரில் நோய் கண்டால் காய் பிடிப்பது அரிது. ஆகவே முதல் மாதப் பாதுகாப்பே முக்கியம்:

1. வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறனுள்ள இரகத்தை விதைக்கவும்.
2. வயலைச் சுற்றி 2 வரிசை மக்காச்சோளம் விதைக்கவும்.
3. ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைத்து ஈக்களின் நடமாட்டத்தைக் கவனிக்கவும்.
4. தேமல் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அழிக்கவும், களைகளையும் நீக்கவும்.
5. ஈ தென்பட்டால், லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கவும்.

ஈக்கு வரப்பு தெரியாது. அண்டை வயல்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன் கிட்டும்.